வளைந்த கையும் நேரான கணக்கும்



பால் மரம் வெட்டிய கைகளுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக மரம் வெட்டுவது நம் வேலை. ஆனால் தராசு முள்ளைப் பார்ப்பதும் ஏட்டில் எண்ணை எழுதுவதும் வேறொருவர் வேலை. செம்பனைக் காட்டிலும் அப்படித்தான். எத்தனை குலை வெட்டினோம் என்பது நமக்குத் தெரியும். எத்தனை குலை ஏட்டில் ஏறியது என்பது சம்பளச் சீட்டு கைக்கு வரும்போதுதான் தெரியும்.

விளையாட்டு உலகத்திலும் இப்படி எண்ணிக்கையால் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பந்தை வீசி எதிராளியை வெளியேற்றுவது அவர்கள் தொழில். எத்தனை பேரை வெளியேற்றினார் என்ற ஒரே எண்ணை வைத்துத்தான் உலகம் அவர்களை எடை போடும். அவர்களில் ஒருவர் நம்மைப் போலவே தோட்டத்தில் வேர் விட்ட குடும்பத்தின் பிள்ளை. 2006ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் டெஸ்ட் ஆட்டங்களில் 90 விக்கெட்டுகளைச் சாய்த்தவர். அவர் பெயர் முத்தையா முரளிதரன். அந்த எண்ணிக்கையைச் சேர்த்த கையையே உலகம் சந்தேகித்தது என்பதும், அந்தச் சந்தேகத்தை அவர் எப்படி எதிர்கொண்டார் என்பதும்தான் இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி.

அமெரிக்காவில் ஒரு பண்ணைப் பையன்

முதலில் சற்றுத் தொலைவுக்குப் போய் வருவோம். இடைநிலைப்பள்ளியில் நம் பெண் பிள்ளைகள் சாப்ட்பால் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூத்த அண்ணன்தான் அமெரிக்கர்களின் பேஸ்பால். ஒருவர் பந்தை வீசுவார். எதிரே மட்டையுடன் நிற்பவர் அதை அடிக்க வேண்டும். மூன்று நல்ல பந்துகளைத் தவற விட்டால் அவர் ஆட்டம் முடிந்தது. இதற்கு ஸ்டிரைக்-அவுட் என்று பெயர். பந்தைப் பிடித்துக் கொடுக்க மற்ற ஆட்டக்காரர்கள் ஓடி அலைய வேண்டியதில்லை. அதனால் ஒரு பருவத்தில் யார் அதிக ஸ்டிரைக்-அவுட் எடுத்தார் என்று எண்ணிப் பார்ப்பது அந்த நாட்டு ரசிகர்களுக்குத் திருவிழா மாதிரி.

1946ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்தப் பட்டியலின் தலையில் நின்றவர் பாப் ஃபெல்லர். அயோவா மாநிலத்தில் வான் மீட்டர் என்ற சிற்றூரில் பண்ணை வைத்திருந்த குடியானவரின் மகன். மகன் பந்து வீசிப் பழகுவதற்காகத் தகப்பனார் தம் பண்ணை நிலத்திலேயே ஒரு திடல் அமைத்துக் கொடுத்தார். பதினேழு வயதிலேயே பையன் கிளீவ்லாந்து குழுவுக்காகப் பெரிய ஆட்டத்தில் இறங்கிவிட்டான். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேர்ந்து, ஏறத்தாழ நான்கு பருவங்களை இழந்தார். திரும்பி வந்து முழுதாக ஆடிய முதல் பருவத்தில் 348 ஸ்டிரைக்-அவுட்! அதே லீக்கில் அவருக்கு அடுத்து வந்த ஹால் நியூஹவுசர் எடுத்தது 275. மற்றொரு லீக்கில் முதலாவதாக வந்த ஜானி ஷ்மிட்ஸ் எடுத்தது 135தான்.

1904ஆம் ஆண்டில் ரூப் வாடெல் என்பவர் எடுத்த 343ஐ ஃபெல்லர் முறியடித்துவிட்டார் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். பிறகு பழைய ஏடுகளைப் புரட்டி மறுபடி எண்ணியபோது வாடெல் எடுத்தது 349 என்று கணக்கு வந்தது. ஒரே ஒரு எண்ணில் சாதனை கை நழுவியது. ஏட்டில் எழுதுகிறவரின் பேனாவுக்கு எவ்வளவு அதிகாரம் பாருங்கள்!

அதே 1946இல் வாஷிங்டன் நகரில் இன்னொன்றும் நடந்தது. பீரங்கிக் குண்டின் வேகத்தை அளக்க இராணுவம் வைத்திருந்த கருவியைத் திடலுக்குக் கொண்டுவந்து ஃபெல்லரின் பந்தை அளந்தார்கள். மணிக்கு 98.6 மைல், அதாவது சுமார் 159 கிலோமீட்டர். இப்படி ஒரு வேகமா என்று வியந்துதான் அவருடைய பந்தை அளந்தார்கள். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தமிழனின் கையை விஞ்ஞானக் கூடத்தில் அளந்தபோது காரணம் வியப்பு அல்ல.

தேயிலைக் காட்டின் பேரன்

1920ஆம் ஆண்டில் பெரியசாமி சின்னசாமி என்பவர் தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலையகத்துக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார். அதே காலத்தில்தான் நம் பாட்டன்மார்கள் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கி கித்தாக் காட்டுக்கு நடந்தார்கள். பின்னாளில் அவர் தாயகம் திரும்பிவிட்டாலும் மகன் முத்தையா கண்டியிலேயே தங்கி பிஸ்கட் தொழில் தொடங்கினார். அந்த முத்தையாவின் மூத்த மகனாக 1972 ஏப்ரல் 17ஆம் நாள் பிறந்தவர்தான் முரளிதரன்.

மலையகத் தமிழர் பட்ட பாடு நமக்குப் புதிது அல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பல லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஏராளமான குடும்பங்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டன. பின்னால் வந்த இனக் கலவரங்களில் முரளியின் குடும்பமும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. இந்தச் சூழ்நிலையில் ஒரு தமிழ்ப் பையன் இலங்கைக் குழுவின் சட்டையை அணிவது எளிதான காரியமா?

கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் விடுதி மாணவனாகத் தங்கிப் படித்தபோது முரளி மிதவேகப் பந்துதான் வீசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ, "சுழல் பந்து வீசிப் பார்" என்று வழி மாற்றிவிட்டார். சிங்களவரான ஓர் ஆசான் தமிழ் மாணவனின் கையில் இருந்த வரத்தைக் கண்டுகொண்டார்! ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது. 1992 ஆகஸ்டு மாதம், இருபது வயதில், ஆஸ்திரேலியாவை எதிர்த்துக் கொழும்பில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார்.

"எறிகிறான்!"

முரளியின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. நீங்களும் நானும் கையை நேராக நீட்டுவது போல அவரால் நீட்ட முடியாது. மணிக்கட்டோ, வேறு யாருக்கும் இல்லாத அளவுக்குச் சுழலும். இந்த இரண்டும் சேர்ந்ததால் அவர் வீசிய பந்து தரையில் பட்டவுடன் பம்பரம் போலத் திரும்பியது. நேராக வருகிறது என்று நம்பி மட்டையை நீட்டினவர் ஏமாந்து போனார்.

கிரிக்கெட்டில் பந்தை வீசலாம், எறியக் கூடாது. மடங்கிய முழங்கையைப் பந்து கையை விட்டுப் போகும் நேரத்தில் வெடுக்கென்று நீட்டினால் அது எறிதல். மடங்கிய கை மடங்கியபடியே சுற்றி வந்தால் அது குற்றம் அல்ல. முரளியின் வழக்கு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

1995 டிசம்பர் 26ஆம் நாள், மெல்போர்ன் திடல். ஆயிரக்கணக்கான மக்கள் கூடியிருந்தார்கள். நடுவர் டேரல் ஹேர், முரளி எறிகிறார் என்று சொல்லி மூன்று ஓவருக்குள் ஏழு முறை 'நோ-பால்' கொடுத்தார். சில நாட்களுக்குப் பிறகு, 1996 ஜனவரியில், பிரிஸ்பேனில் இன்னொரு நடுவர் ராஸ் எமர்சன் அதே குற்றத்தைச் சாட்டினார். அதே எமர்சன் 1999 ஜனவரியில் அடிலெய்டில் மறுபடியும் கையை நீட்டியபோது, இலங்கைத் தலைவர் அர்ஜுன ரணதுங்க ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்டு எல்லைக் கோடு வரை போய்விட்டார். தமிழ்ப் பையன் ஒருவனுக்காகச் சிங்களத் தலைவர் நடுத் திடலில் நடுவரோடு வாதாடியதை அன்று உலகமே பார்த்தது.

ஒரு தொழிலாளியை மோசடிக்காரன் என்று ஊரறியச் சொல்லிவிட்டால் அவன் என்ன செய்வான்? சிலர் கோபத்தில் வேலையை விட்டுவிடுவார்கள். சிலர் குடித்துக் கெட்டுப்போவார்கள். சிலர் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்கள். முரளி இந்த மூன்றையும் செய்யவில்லை. "என் கையை அளந்து பாருங்கள்" என்று தாமே போய் நின்றார்.

அளவுகோலின் முன்னால்

1996ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும், ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவர் பந்து வீசுவதைப் பல கோணங்களில் படமெடுத்து ஆராய்ந்தார்கள். அவர் கை எறியவில்லை, எறிவது போன்ற ஒரு கண்மயக்கம்தான் உண்டாகிறது என்று அறிஞர்கள் சொன்னார்கள். 1999ஆம் ஆண்டுச் சர்ச்சைக்குப் பிறகும் சோதனை நடந்தது. மறுபடி அதே முடிவு.

2004ஆம் ஆண்டில், எதிர்ப்பக்கம் திரும்பும் 'தூஸ்ரா' என்ற பந்தைப் பற்றிப் புகார் வந்தது. அப்போது முரளி ஒரு காரியம் செய்தார். முழங்கை கொஞ்சமும் நீள முடியாதபடி உலோகச் சட்டம் வைத்த கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக்கு முன்னால், தம் எல்லாப் பந்துகளையும் வீசிக் காட்டினார். பந்து எப்போதும் போலவே திரும்பியது!

ஆனாலும் ஆய்வுக்கூடத்தின் அளவுகோல் வேறு கதை சொன்னது. தூஸ்ரா வீசும்போது அவர் முழங்கை சுமார் 14 பாகை நீள்கிறது என்று தெரிந்தது. பயிற்சிக்குப் பிறகு அது ஏறத்தாழ 10 பாகையாகக் குறைந்தது. அன்றைய விதிப்படி சுழல் பந்துக்காரருக்கு 5 பாகைதான் அனுமதி. ஆகவே அந்தப் பந்தை அவர் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. இதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்குச் சாதகமான அளவை மட்டும் எடுத்துச் சொன்னால் அது கணக்கு ஆகாது.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஒருவர் கையை மட்டும் அளந்தால் போதுமா? மற்றவர்கள் கை எப்படி இருக்கிறது? அனைத்துலக கிரிக்கெட் மன்றம் மற்ற பந்துவீச்சாளர்களையும் படமெடுத்து அளந்து பார்த்தது. பெயர்போன வேகப் பந்துக்காரர்கள் உட்பட ஏறத்தாழ எல்லாருடைய முழங்கையும் ஓரளவு நீளத்தான் செய்கிறது என்று தெரியவந்தது! அதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. கண்ணால் பார்த்து 'சுத்தம்' என்று சொல்லிவிட்டார்கள். 2005ஆம் ஆண்டில் விதி மாறியது. வேகமோ சுழலோ, எல்லாருக்கும் ஒரே எல்லை, 15 பாகை. விதியை முரளிக்காகவே வளைத்துவிட்டார்கள் என்று இன்றும் சிலர் குறை கூறுவார்கள். உண்மையில் அன்றுதான் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தார்கள்.

2006 பிப்ரவரியில் இன்னொரு முறை சோதனை நடந்தது. எல்லாப் பந்துகளும் எல்லைக்குள் இருந்தன. அந்த ஆண்டுதான் அவருடைய பொன்னான ஆண்டு.

ஒரே ஆண்டில் தொண்ணூறு

டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள் நடக்கும். எதிர்க் குழுவை இரண்டு முறை வெளியேற்ற வேண்டும். ஆக மொத்தம் 20 விக்கெட். நான்கைந்து பந்துவீச்சாளர்கள் இருந்தால் அதை அவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். தனி ஒருவர் பத்து எடுத்தால் பாதிப் பாரத்தை அவரே சுமந்தார் என்று பொருள்.

2006 மார்ச் மாதம் வங்காளதேசத்தில் தம் 600வது விக்கெட்டை எடுத்தார் முரளி. பிறகு பாகிஸ்தானோடு ஆடிவிட்டு, மே மாதம் இங்கிலாந்து போனார். பர்மிங்காம் நகரின் எட்ஜ்பாஸ்டன் திடலில் முதல் சுற்றில் 6 விக்கெட். இரண்டாம் சுற்றில் இங்கிலாந்து வெற்றி பெற 78 ஓட்டங்கள் போதும். ஆட்டம் கைவிட்டுப் போயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்திலும் விழுந்த நான்கு விக்கெட்டும் முரளியுடையவை! இலங்கை தோற்றது. ஆனால் தோற்கிற ஆட்டம் என்று அவர் கை சோர்ந்து போகவில்லை.

அடுத்து நாட்டிங்காம். இரண்டாம் சுற்றில் 70 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 8 விக்கெட், ஆட்டம் முழுவதும் 11. இலங்கை 134 ஓட்டங்களில் வென்று தொடரைச் சமன் செய்தது.

ஜூலையில் தென்னாப்பிரிக்கா கொழும்புக்கு வந்தது. மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து 624 ஓட்டங்கள் குவித்த புகழ்பெற்ற ஆட்டம் அது. எல்லாரும் அந்த 624ஐத்தான் பேசினார்கள். அதே ஆட்டத்தில் முரளி எடுத்த 10 விக்கெட்டைப் பேசியவர் குறைவு. அடுத்த ஆட்டத்தில் 12 விக்கெட். இலங்கை ஒரே ஒரு விக்கெட் மிச்சம் இருக்கும்போது வென்றது.

எண்ணிப் பாருங்கள்: 10, 11, 10, 12. தொடர்ந்து நான்கு டெஸ்ட் ஆட்டங்களில் பத்து அல்லது அதற்கு மேல்! 2001ஆம் ஆண்டிலும் இதே போல நான்கு ஆட்டங்களில் செய்திருந்தார். டிசம்பரில் நியூசிலாந்தின் வெலிங்டனில் இன்னொரு பத்து. ஆண்டு முடிவில் 11 ஆட்டங்களில் 90 விக்கெட்.

ஓர் ஆண்டுக்கான சாதனை எண்ணிக்கை ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னுக்கு உரியது. 2005இல் அவர் 96 எடுத்தார். ஆனால் அதற்கு 15 ஆட்டங்கள் ஆயின. வகுத்துப் பாருங்கள். வார்னுக்கு ஆட்டத்துக்கு 6.4, முரளிக்கு ஆட்டத்துக்கு 8க்கு மேல். மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒரு முடிவு; வகுத்துப் பார்த்தால் வேறொரு முடிவு. பள்ளிக்கூடத்தில் வகுத்தல் கணக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கடைசி எட்டு

2010 ஜூலையில் காலி நகரில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டம்தான் தம் கடைசி டெஸ்ட் என்று முரளி முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அப்போது அவர் கணக்கில் இருந்தது 792. எண்ணூறுக்கு எட்டுக் குறை. இன்னும் சில ஆட்டங்கள் ஆடினால் நிம்மதியாக எடுத்திருக்கலாம். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

முதல் சுற்றில் 5. இரண்டாம் சுற்றில் 2 எடுத்து 799இல் வந்து நின்றது. இந்தியாவுக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. கடைசி ஜோடி நகர மறுத்தது. மறு பக்கத்தில் வீசுபவர் அந்த விக்கெட்டை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. ஜூலை 22ஆம் நாள், பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து ஜயவர்தனவின் கைக்குப் போனது. எண்ணூறு! டெஸ்ட் ஆட்டத்தில் அவர் வீசிய கடைசிப் பந்தும் அதுதான். 133 ஆட்டங்களில் 800 விக்கெட். எந்த ஏட்டைப் புரட்டினாலும், யார் மறுபடி எண்ணினாலும், அதற்கு மேல் எடுத்தவர் இல்லை.

நம் வீட்டுக்கு ஒரு சொல்

கிரிக்கெட் நமக்கு எட்டாத வெள்ளைக்காரர் ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 1932இல் இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கிய லால் சிங், கோலாலம்பூரில் பிறந்தவர். பங்சார் என்ற பெயரே, அங்கே ரப்பர் தோட்டம் வைத்திருந்த பூஞ்சே, கிரிசார் என்ற இரு ஐரோப்பியர் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். 1997இல் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறும் ஐ.சி.சி. கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடந்தபோது, ரப்பர் ஆய்வு நிலையத் திடலிலும் ஆடினார்கள். இறுதி ஆட்டம் நடந்தது பங்சார் பக்கத்துக் கிலாட் கிளப் திடலில். பால் மரம் நின்ற மண்ணுக்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டு.

ஆனால் உங்கள் பிள்ளை கிரிக்கெட்காரனாக வர வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. தாய்மார்களே, தகப்பன்மார்களே! நம் லயங்களில் ஒரு பழக்கம் இருந்தது. அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அது நம்மை விடவில்லை. கை கொஞ்சம் வளைந்திருந்தால் ஒரு பட்டப்பெயர். கண் மாறியிருந்தால் ஒரு பட்டப்பெயர். வாய் திக்கினால் ஒரு பட்டப்பெயர். விளையாட்டாகக் கூப்பிடுகிறோம். பிள்ளை ஐந்தாம் ஆண்டு வரும்போது தன் பெயரையே மறந்து, அந்தப் பட்டப்பெயரில் ஒடுங்கிப் போகிறான். வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கொள்கிறான். முரளியின் கையை அவர் வீட்டார் மறைத்து வைத்திருந்தால், சுனில் பெர்னாண்டோ எதைக் கண்டுபிடித்திருப்பார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளையின் மேல் யாராவது பழி சுமத்தினால் உடனே பிரம்பை எடுக்காதீர்கள். உடனே சண்டைக்கும் போகாதீர்கள். "வாருங்கள், அளந்து பார்ப்போம்" என்று கூட நில்லுங்கள். படிப்பு ஏறவில்லை என்று சொன்னால் கண்ணைச் சோதித்துப் பாருங்கள், காதைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் மாதம் ஒரு முறை பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எண் தவறாகத் தெரிந்தால் பணிவாகக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அளந்து பார்த்தபின் தவறு நம்முடையது என்று தெரிந்தால், தூஸ்ராவை நிறுத்தி வைத்த முரளியைப் போல அதையும் ஏற்றுக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும்.

நம் பாட்டன்மார் வெட்டிய பாலின் கணக்கு யாருடைய ஏட்டிலோ எழுதப்பட்டு, எந்த அலமாரியிலோ செல்லரித்துப் போய்விட்டது. பேரப்பிள்ளைகளின் கணக்காவது அவர்களே பார்த்துச் சரி சொல்லும் கணக்காக இருக்கட்டும்.